என் எடையை என் குதிரை தாங்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வாங்கப் போகும்போது சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்க்கிறோம்; நம் எடையைப் பார்க்க மறந்துவிடுகிறோம். வாங்கி மூன்று மாதம் கழித்து, யாரோ எடுத்துக் கொடுத்த படத்தில் நம்மையும் குதிரையையும் சேர்த்துப் பார்க்கும்போது, அல்லது வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் "பாவம் அந்தக் குதிரை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகும்போது, அந்தக் கவலை முதன்முதலாகத் தலைதூக்குகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை அங்கவடியில் கால் வைக்கும்போதும் மனம் உறுத்துகிறது. 90 கிலோவைத் தாண்டிய உடலோடு பல ஆண்டுகள் சவாரி செய்தவன் என்ற முறையில் அந்த உறுத்தலை நான் நன்கு அறிவேன். இங்கே உள்ள கேள்விகளில் பாதி என்னிடம் பிறர் கேட்டவை. மீதி நானே என்னைக் கேட்டுக்கொண்டவை.

குதிரை தன் எடையில் 20 சதவீதம் சுமக்கலாம் என்கிறார்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

1920-களில் அமெரிக்கக் குதிரைப்படை தன் குதிரைகளுக்கு வகுத்துக்கொண்ட வழிகாட்டுதலில் இந்த அளவு இருந்தது. நாள் முழுவதும் நடந்து, மறுநாளும் அதே வேலைக்குத் தயாராக இருக்க வேண்டிய குதிரைகளை வைத்துப் பழகியவர்களின் அனுபவக் கணக்கு அது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தனர். எட்டுக் குதிரைகள் மீது, அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று வெவ்வேறு நாட்களில் சுமையேற்றி, 45 நிமிடங்கள் நடையும் ட்ராட்டும் (மிதவேக ஓட்டம்) கேன்டருமாக (அதைவிட வேகமாகத் தாவிச் செல்லும் ஓட்டம்) வேலை வாங்கினர். 2008-இல் வெளியான முடிவு இது: 15 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை, 25 சதவீதத்தில் இதயத் துடிப்பும் மூச்சும் கூடின, 30 சதவீதத்தில் தசைகள் இறுகி, தொட்டால் வலிக்கும் நிலை ஏற்பட்டது, தசைச் சிதைவைக் காட்டும் நொதியும் இரத்தத்தில் உயர்ந்தது.

ஆகவே 20 சதவீதம் என்பது வெறும் வாய்மொழி அல்ல. ஆனால் சோதிக்கப்பட்டவை எட்டே குதிரைகள், நேரமும் முக்கால் மணிதான். அந்த எண்ணை வேலியாக எடுத்துக்கொண்டு, 20 வரை எதுவும் ஆகாது, 21 ஆனால் முதுகு போய்விடும் என்று எண்ணுவது தவறு. கவனமாக இருக்க வேண்டிய இடம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

அந்த 20 சதவீதத்தில் என் எடை மட்டும்தான் சேருமா?

குதிரையின் முதுகில் ஏறும் அனைத்தும் சேரும். சேணம், சேணத்துணி, தலைக்கவசம், பூட்ஸ், உடுத்தியிருக்கும் துணி, பையில் உள்ள தண்ணீர்ப் புட்டி, சட்டைப் பையில் உள்ள கைப்பேசி வரை எல்லாமே சுமைதான். ஆங்கிலேயப் பாணிச் சேணம் 6 முதல் 10 கிலோ வரை இருக்கும். அமெரிக்க மேய்ப்பர்கள் பயன்படுத்தும் கொம்பு வைத்த சேணம் 13 கிலோவில் தொடங்கி 20 கிலோ வரைகூடப் போகும். அதாவது எந்தச் சேணத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பத்து கிலோ கூடவோ குறையவோ வாய்ப்பிருக்கிறது. நாம் ஆறு மாதம் பட்டினி கிடந்து குறைக்கும் எடையைச் சேணக் கடையில் ஒரே மாலையில் குறைத்துவிடலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கணக்கைப் பார்ப்போம். குதிரை 400 கிலோ என்றால் 20 சதவீதம் 80 கிலோ. சேணம் 8 கிலோ, மற்றவை 4 கிலோ என்று கழித்தால், ஏறுபவருக்கு மிஞ்சுவது 68 கிலோ. இந்த எண்ணைக் கண்டதும் பலருக்கு முகம் வாடிவிடும், எனக்கும் வாடியது. நம் நாட்டில் பரவலாக உள்ள நடுத்தர உயர மார்வாரி, கத்தியவார் குதிரைகள் பெரும்பாலும் 350 முதல் 450 கிலோ எடைக்குள்ளேயே இருக்கும். ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் 550, 600 கிலோ குதிரைகளை மனதில் வைத்துக்கொண்டு நம் குதிரைக்குக் கணக்குப் போடக் கூடாது.

என் குதிரையின் எடை எனக்குத் தெரியாது. எப்படி அறிவது?

கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டாம். பல ஆண்டுகள் குதிரையோடு பழகியவர்களும் ஐம்பது, அறுபது கிலோ பிசகிவிடுவார்கள். தையல் நாடா ஒன்று போதும். குதிரையைச் சமதளத்தில் நேராக நிற்கவைத்து, முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை ஒட்டி, நாடாவை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, அது மூச்சை வெளிவிடும் நேரத்தில் அளவைப் படியுங்கள். அடுத்து, முன்பக்கத் தோள் முனையிலிருந்து பின்பக்கப் புட்ட எலும்பின் முனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்றளவைச் செ.மீட்டரில் அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 175, நீளம் 155 என்றால் விடை ஏறத்தாழ 400 கிலோ. வளர்ந்த குதிரைகளுக்கு இது போதிய அளவு பொருந்தும். சினைக்குதிரைக்கும் குட்டிக்கும் பொருந்தாது.

இதைவிடத் துல்லியம் வேண்டுவோருக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது: நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை எடைபோடும் எடைமேடை. குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியை ஒருமுறை வெறுமையாகவும், ஒருமுறை குதிரையோடும் நிறுத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். இரு முறையும் ஓட்டுநர் கீழே இறங்கிவிட வேண்டும், அல்லது இரு முறையும் உள்ளே இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, தன் குதிரை ஒரே வாரத்தில் எழுபது கிலோ கூடிவிட்டதாக மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். எடைமேடைகள் ஐந்து அல்லது பத்து கிலோ படிகளில்தான் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குதிரையை நன்கு கொழுக்க வைத்தால் அதன் எடை கூடி, 20 சதவீதமும் கூடிவிடும் அல்லவா?

காகிதத்தில் கூடும், முதுகில் கூடாது. குதிரையின் மேல் சேர்ந்த கொழுப்பும் அதன் கால்கள் சுமக்க வேண்டிய சுமையே. ஆகவே கணக்கு, அந்தக் குதிரை சரியான உடல்நிலையில் இருந்தால் என்ன எடை இருக்குமோ அதை வைத்தே போடப்பட வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும், கையால் தடவினால் எளிதில் தட்டுப்படும்படியும் இருப்பது சரியான நிலை. 1983-இல் டெக்சாஸில் ஹென்னெக் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் இது ஐந்து. விலா தட்டுப்படவே இல்லையென்றால் குதிரைக்கும் எடை குறைக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள். அதிகக் கொழுப்பு குளம்பு அழற்சிக்கும் வழிவகுக்கும். அந்த நோய் வந்த குதிரை நம்மை அல்ல, தன்னையே சுமக்கத் திணறும்.

மறுபுறம், எலும்பும் தோலுமாக இருக்கும் குதிரைக்கு இந்தச் சதவீதக் கணக்கே பொருந்தாது. அதற்கு முதலில் தீவனம், குடற்புழு நீக்கம், பல் பரிசோதனை. சவாரி அதற்குப் பிறகுதான்.

ஒரே எடையுள்ள இரண்டு குதிரைகள் ஒரே அளவு சுமக்குமா?

சுமக்காது. ஏன் என்று புரிந்துகொள்ளக் குதிரையின் உடல் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் மார்புக்கூடு இரு முன்னங்கால்களுக்கு இடையே தசைகளாலும் தசைநார்களாலும், மரத்தில் கட்டிய தூளிபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நின்ற நிலையிலேயே அதன் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்னங்கால்கள் மேல் இருக்கிறது; நாம் உட்காரும் இடமும் அவற்றுக்கே அருகில். ஆகவே சுமையைத் தாங்குவது வெறும் முதுகெலும்பு அல்ல. மார்பைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள், வயிற்றுத் தசைகள், முன்னங்கால் நாண்கள் எல்லாம் சேர்ந்தே தாங்குகின்றன.

முதுகு குட்டையாகவும், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள பகுதி அகன்று தசைப்பிடிப்போடும் இருக்கும் குதிரை அதிகம் தாங்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பைச் சுற்றி நாடாவால் அளந்தால், பருத்த அளவு காட்டும் குதிரையும் அப்படியே. மேலே சொன்ன ஒகாயோ ஆய்விலும், இடுப்புப் பகுதி அகன்றும் கால் எலும்பு பருத்தும் இருந்த குதிரைகளுக்கே தசைவலி குறைவாக இருந்தது. நெடிய முதுகும் மெல்லிய கால்களும் உள்ள குதிரை பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் எடை கூடிய சவாரிக்காரருக்கு அது ஏற்றதல்ல. உயரம் இங்கே ஏமாற்றும். நெட்டையான குதிரையைப் பார்த்ததும் நமக்குத் தைரியம் வருகிறது. உண்மையில் உயரத்தைவிட அகலமும் எலும்புப் பருமனுமே முக்கியம்.

ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே. எதை நம்புவது?

அவை அளந்தவை வேறு வேறு என்பதைக் கவனித்தால் முரண்பாடு பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கலிபோர்னியாவில் ஒரே நாளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மலைப்பாதையில் ஓடும் டெவிஸ் கோப்பைப் பந்தயம் நடக்கிறது. 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் அதில் கலந்துகொண்ட குதிரைகளை ஆராய்ந்தபோது, ஏறியவரின் எடை, குதிரை பந்தயத்தை முடிப்பதையோ முடிக்காததையோ தீர்மானிக்கவில்லை. குதிரையின் உடல்நிலை மதிப்பெண்தான் தீர்மானித்தது. மெலிந்த குதிரைகளே வழியில் விலகின. இதை எடுத்துக்காட்டி "எடை ஒரு பொருட்டே அல்ல" என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அவை மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற, உடல் முறுக்கேறிய குதிரைகள். வாரத்தில் ஆறு நாள் லாயத்தில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் நம் குதிரைக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

ஐஸ்லாந்துக் குதிரைகள் உருவில் சிறியவை, ஆனால் பெரியவர்களைச் சுமப்பதில் பெயர் பெற்றவை. அவற்றில் எட்டின் மீது 20 முதல் 35 சதவீதம் வரை சுமையேற்றி, டோல்ட் என்னும் அவற்றின் தனி நடையில் ஓட்டி இரத்தத்தைச் சோதித்தனர். தசைகள் மூச்சுக்காற்றின் துணையோடு வேலை செய்யும் எல்லையைத் தாண்டிவிட்டன என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்படும் லாக்டேட் அளவை, அவை சராசரியாக 22.7 சதவீதச் சுமையிலேயே எட்டிவிட்டன. பெயர் பெற்ற சுமைதாங்கிகளுக்கே இப்படி என்பது சிந்திக்க வைக்கிறது.

இங்கிலாந்தில் சூ டைசன் என்னும் குதிரை மருத்துவர் தலைமையில் நடந்த முன்னோட்ட ஆய்வு இன்னும் கடுமையான முடிவைத் தந்தது. வெவ்வேறு எடையுள்ள நால்வர் ஆறு குதிரைகளில் மாறி மாறி ஏறினர். எடை கூடிய இருவரின் சவாரிகள் அனைத்தும் இடையிலேயே நிறுத்தப்பட்டன. காரணம் பெரும்பாலும் தற்காலிக நொண்டல். அவ்விருவரில் ஒருவர் குதிரையின் எடையில் 15 முதல் 18 சதவீதத்துக்குள்தான் இருந்தார். ஆயினும் அவர்களுக்கென்று அளவெடுத்த சேணம் அங்கே இல்லை. மிக அதிக எடையுள்ளவர் சேணத்தின் பின்விளிம்பு வரை அமர நேர்ந்தது. என் கருத்தில் இந்த ஆய்வு எடையைப் பற்றிச் சொல்வதைவிட, பொருந்தாத சேணத்தில் அமர்ந்த எடையைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தபின் நான் பின்பற்றுவது இது: 15 சதவீதம் வரை கவலை இல்லை, 15 முதல் 20 வரை குதிரையின் உடற்கட்டும் சேணமும் சரியாக இருக்க வேண்டும், 20-க்கு மேல் தட்டையான தரையில், நடையில், குறுகிய நேரம், அதுவும் வலிமையான குதிரையில் மட்டும், 25-க்கு மேல் இல்லை.

நன்றாகச் சவாரி தெரிந்தவருக்கு எடை ஒரு பொருட்டல்ல என்பது உண்மையா?

பாதி உண்மை. தூங்கும் குழந்தையைத் தூக்குவதற்கும், விழித்திருந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். அதுபோல, சமநிலை இழந்து பக்கவாட்டில் சாயும் 60 கிலோ மனிதர், நடுநிலை மாறாமல் அமரும் 75 கிலோ மனிதரைவிடக் குதிரையின் முதுகை அதிகம் வருத்தக்கூடும். ஆனால் திறமை எடையைக் கரைத்துவிடாது. நடையில் முதுகின் மேல் விழும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ நம் எடை அளவே இருக்கும். ட்ராட்டில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். கேன்டரில் அதற்கும் சற்று மேல். எனவே பத்து கிலோ கூடுதல் என்பது ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோவுக்கு மேல்.

இதனால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ட்ராட்டில் சேணத்தில் பதிந்து உட்காராமல் அடிக்கு அடி எழுந்து அமருங்கள். கால்கள் பழகிய பின், அங்கவடியில் நின்று முழங்கால் வளைவில் அதிர்வை வாங்கிக்கொள்ளப் பழகுங்கள். இந்த இரண்டாவது முறையில் உச்ச அழுத்தம் கணிசமாகக் குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். எடை கூடியவர்கள் வீட்டில் செய்யும் வயிறு, இடுப்பு, தொடைப் பயிற்சிகள் எடையைக் குறைக்காவிட்டாலும்கூடக் குதிரைக்கு உதவும்.

சேணத்தின் எடையைத் தவிர்க்க, சேணமே இல்லாமல் ஏறினால்?

இது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. சேணத்தின் வேலையே நம் எடையைப் பெரிய பரப்பில் பரப்பித் தருவதுதான். அது இல்லாதபோது, நம் இரண்டு இருக்கை எலும்புகளும் குதிரையின் முதுகுத் தசையில் சிறிய இடத்தில் குத்தி நிற்கும். எடை கூடக்கூடச் சேணத்தின் தேவையும் கூடுகிறது.

எடை கூடியவருக்குச் சேணத்தில் முரண்பட்ட இரு தேவைகள் உண்டு. இருக்கை நமக்குப் போதிய அகலமாக இருக்க வேண்டும். இல்லையேல் நாம் பின்விளிம்பில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே முழு எடையையும் இறக்குவோம். அதே சமயம், சேணத்தின் அடிமெத்தை குதிரையின் கடைசி விலாவைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. அதற்கு அப்பால் முதுகெலும்புக்கு விலா எலும்புகளின் துணை இல்லை. குட்டை முதுகுக் குதிரையும் அகன்ற சவாரிக்காரரும் சேரும்போது, இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடம் சில விரற்கடைதான். இடமே இல்லையென்றால், எடைக் கணக்கு சரியாக வந்தாலும் அந்தக் குதிரை உங்களுக்குரியது அல்ல. சேணத்துணியை இரண்டு மூன்றாக அடுக்கிச் சமாளிப்பது, கடிக்கும் செருப்புக்குள் இன்னொரு காலுறை போடுவதற்குச் சமம்.

தரையிலிருந்தே ஏறலாமா?

வேண்டாம். தரையிலிருந்து இடது அங்கவடியைப் பிடித்துத் தொங்கி ஏறும்போது, சேணம் முறுகி, முதுகு மேட்டின் வலப்பக்கத்தில் அழுந்துகிறது. ஒரு திண்ணை, ஒரு கல், நான்கு செங்கல் அடுக்கிய படி எதுவானாலும் போதும். வழியில் இறங்க நேர்ந்தால் மேடான இடம் வரை குதிரையை நடத்திச் சென்று ஏறுங்கள்.

என் குதிரை சிரமப்படுகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே முதன்மையானது, ஏனெனில் இதற்கு விடை சொல்வது குதிரையேதான். வலியை மறைக்கும் இயல்பு அதற்கு உண்டு. இருந்தாலும் பார்க்கத் தெரிந்தவரிடம் மறைக்க முடியாது.

ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். சேணத்தைக் கொண்டுவரும்போது காதுகளைப் பின்னால் படுக்கவைப்பது, சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது, ஏறும்போது விலகிப் போவது ஆகியவற்றை "குறும்பு" என்று தள்ளிவிடாதீர்கள். ஏறியவுடன் முதுகைத் தாழ்த்துகிறதா, தலையை உயர்த்துகிறதா, முதல் சில அடிகளைக் குறுக்கி வைக்கிறதா என்று கவனியுங்கள். சவாரியில் காதுகள் நீண்ட நேரம் பின்னோக்கி இருப்பது, வால் அடித்துக்கொண்டே இருப்பது, வாய் திறந்திருப்பது, தலை ஒருபுறம் சாய்வது, திரும்பத் திரும்ப இடறுவது, கேன்டரில் முன்வைக்க வேண்டிய காலை மாற்றி வைப்பது முதலியவை, வலியின் அடையாளங்களாக டைசன் வகுத்த 24 நடத்தைகளில் அடங்கும். அவற்றுள் எட்டும் அதற்கு மேலும் தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. நீங்கள் மேலே இருக்கும்போது உங்களுக்கு இவை தெரியாது. ஒருவரைக் கைப்பேசியில் படம்பிடிக்கச் சொல்லிப் பின்னர் பாருங்கள்.

இறங்கிய பின் சேணத்தை எடுத்தால், முதுகில் வியர்வைத் தடம் இருபுறமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சுற்றிலும் ஈரமாக இருக்க, நடுவே காய்ந்த திட்டு ஒன்று இருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பி வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அதே இடத்தில் சில மாதங்களில் வெள்ளை முடி முளைத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. நாடித் துடிப்பையும் எண்ணுங்கள். ஓய்வில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். நீள்தூரப் பந்தயங்களில் குதிரை மேற்கொண்டு ஓடத் தகுதியானதா என்று பார்க்க வைத்திருக்கும் வரம்பு 64. சாதாரண ஞாயிற்றுக்கிழமைச் சவாரி முடிந்து கால்மணி நேரத்துக்குப் பின்னும் 64-க்குக் கீழே இறங்கவில்லையென்றால், நாம் கேட்டது அதிகம்.

ஆனால் நான் அதிகம் நம்புவது மறுநாள் காலையைத்தான். சேணம் இருந்த இடத்தில் முதுகெலும்பின் இருபுறமும், விரல் நுனியால் குத்தாமல் விரற்பரப்பால், முன்னிருந்து பின்னாக மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். தசை துடித்தாலோ, குதிரை முதுகைச் சட்டென்று தாழ்த்தினாலோ, திரும்பி உங்களைப் பார்த்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சவாரி செய்யாத நாட்களிலும் இதைச் செய்து வந்தால்தான் எது அதன் இயல்பு, எது வலி என்று கை கற்றுக்கொள்ளும். தொடர்ந்து வலி தென்பட்டால் சவாரியை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் உங்கள் எடையாக இல்லாமல், லாடமாகவோ பல்லாகவோகூட இருக்கலாம்.

குதிரைக்கு மூன்று வயதுதான் ஆகிறது. இப்போதே ஏறலாமா?

எடை கூடியவர் ஏற வேண்டாம். கால்களின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்பு அடுக்குகள்) முன்னதாக மூடிக்கொண்டாலும், முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முழுதும் மூட ஐந்தரை, ஆறு வயது ஆகும். இளங்குதிரையை எடை குறைந்தவர் ஒருவர், குறைந்த நேரம், நேர்க்கோட்டில் பழக்கட்டும். நீங்கள் கயிற்றிலும் நீள்வாரிலும் (பின்னால் நடந்தபடி பிடிக்கும் நீண்ட கடிவாள வார்) தரையில் நின்று அதைப் பழக்குங்கள்.

வெயிலில் இந்தக் கணக்கு மாறுமா?

நிச்சயம் மாறும். குதிரையும் நம்மைப் போல வியர்த்தே உடலைக் குளிர்விக்கிறது. புழுக்கமான நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடுகிறது. சுமை கூடினால் தசைகள் உண்டாக்கும் சூடும் கூடும். கடற்கரை மாவட்டங்களில் சித்திரை, வைகாசியில் 15 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்கள் விடியற்காலையைத் தவிர வேறு நேரத்தில் ஏறாமல் இருப்பதே நல்லது. சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளும், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை அவற்றிடம் வேலை வாங்கக் கூடாது என்கின்றன.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஏரிக்கரையில் வாடகைக்கு விடும் குதிரைகளில் நான் ஏறலாமா?

அவற்றில் பல மட்டக்குதிரைகள். 250 கிலோ மட்டக்குதிரைக்கு 20 சதவீதம் என்பது சேணத்தோடு சேர்த்து 50 கிலோதான். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலோருக்கு அங்கே இடமில்லை. அந்த 1965-ஆம் ஆண்டு விதிகள் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவும், கழுதைக்கு 50 கிலோவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவும் உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. இது மூட்டை முடிச்சுகளுக்கான எண் என்றாலும், 85 கிலோ அப்பா ஐந்து வயது மகனை முன்னால் அமர்த்திக்கொண்டு ஏறுவது எவ்வளவு மிகை என்று புரிந்துகொள்ள உதவும். கிரேக்க நாட்டில், சாண்டோரினித் தீவின் படிக்கட்டுகளில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த கழுதைகளுக்காக 2018-இல் அரசு வரம்பு விதித்தது: 100 கிலோ அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. குதிரைக்காரர் "தாங்கும் சார், ஏறுங்க" என்றுதான் சொல்வார். அது அவருடைய அன்றாடச் சோறு. பிள்ளையை மட்டும் ஏற்றி, நீங்கள் பக்கத்தில் நடந்து, பேசிய பணத்தைக் கொடுங்கள்.

பெரிய குதிரையாக வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

ஓரளவுக்கு. ஆனால் வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட பேருருவக் குதிரைகள், எடை கூடும் அதே விகிதத்தில் சுமப்பதில்லை. இழுப்பதற்கு வேண்டிய தோளும் சுமப்பதற்கு வேண்டிய முதுகும் வேறு. தன் உடலைத் தூக்கவே அவை நிறையச் செலவழிக்கின்றன. முதுகு மிக அகன்றிருந்தால் சேணம் நில்லாமல் உருளும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போகிறவர்கள், கூட்டத்தில் தலை உயர்த்தி நிற்கும் குதிரையைப் பார்த்து மயங்காமல், ஒரு தையல் நாடாவை எடுத்துச் செல்லுங்கள். மார்பு, நீளம், கால் எலும்பு மூன்றையும் அளங்கள். நாட்டியம் ஆடப் பழக்கப்பட்ட குதிரை உங்களை ஏற்றிக்கொண்டு பத்து கிலோமீட்டர் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேலை.

சவாரிப் பள்ளியில் எல்லோர் முன்னிலையிலும் எடை கேட்டார்கள். அவமானமாக இருந்தது.

கேட்டது சரி, கேட்ட விதம் தவறு. எடை வரம்பு இல்லாத பள்ளியைவிட, வரம்பு வைத்து அதைக் கடைப்பிடிக்கும் பள்ளியையே நான் நம்புவேன். ஆனால் காலணி அளவைக் கேட்பது போல, தனியாக, ஒரு படிவத்தில் எழுதச் சொல்லிக் கேட்டால் போதும். நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது: உண்மையான எண்ணைச் சொல்வது. ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் பயிற்சியாளர் ஏமாறுவார், குதிரை ஏமாறாது. இன்னொன்று, ஒல்லியாகத் தெரிபவர் எடை குறைந்தவர் என்பதில்லை. ஆறடி உயரமுள்ள ஒல்லியான இளைஞர் 80 கிலோ இருப்பார். அவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரைவிடப் பத்து கிலோ குறைந்த, பருமனான உடல்வாகுள்ள பெண்ணைப் பார்த்து "பாவம் குதிரை" என்பார்கள். குதிரையின் மேல் அக்கறை இருப்பவர்கள் தராசை நம்பட்டும்.

எடை குறையும் வரை ஏறவே கூடாதா?

உங்கள் சதவீதம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. எல்லையை ஒட்டி இருந்தால் இலகுவான சேணம், குறுகிய நேரம், அதிக நடை என்று மாற்றிக்கொண்டு தொடரலாம். பட்டினி கிடந்து வேகமாகக் குறைக்க முயலாதீர்கள். தலைசுற்றலோடு குதிரையின் மேல் இருப்பது எடையைவிடப் பெரிய ஆபத்து. லாயத்தைக் கூட்டுவது, தண்ணீர் தூக்குவது, குதிரையைத் தேய்த்துவிடுவது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதனோடு தினமும் நான்கு கிலோமீட்டர் நடப்பது எல்லாம் நமக்கு உடற்பயிற்சி, குதிரைக்கும் பயிற்சி. எனக்கு இரண்டு ஆண்டுகளில் பதினோரு கிலோ குறைந்தது. அதில் பாதிக்கு மேல் சாணம் அள்ளும் கூடையின் உபயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 சதவீதம் வருகிறது. குதிரையை விற்றுவிட வேண்டுமா?

விற்க வேண்டியதில்லை, ஏறுவதை நிறுத்த வேண்டும். நீள்வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து குதிரையை ஓட்டும் கலையைக் கற்றுக்கொள்ளலாம். அதன் நடையை இத்தனை தெளிவாக மேலிருந்து ஒருபோதும் பார்க்க முடியாது. வீட்டில் எடை குறைந்த ஒருவர் இருந்தால் அவர் ஏறட்டும், நீங்கள் கீழிருந்து பயிற்சி கொடுங்கள். வண்டிக்குப் பழக்கினால், எடையைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். சமதளச் சாலையில், ஏர்க்கால் முதுகில் அழுந்தாதபடி சமன்செய்த இலகுவான வண்டியில், அதே குதிரை உங்களை மட்டுமல்ல, பக்கத்தில் இன்னொருவரையும் சிரமமின்றி இழுக்கும். வண்டிக்குப் பழகாத குதிரையை அனுபவமுள்ளவரின் துணையின்றிப் பூட்ட வேண்டாம். முதல் சில வாரங்கள் வெறும் கட்டையை மட்டும் இழுக்கட்டும்.